பிளாட்பாரத்தில் ஓடுகிறவர்கள்: சினிமாவில் ரயில்

கல்லார்கேட் (இழையைத் தொடங்கியவர்)

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ‘மூன்றாம் பிறை’ பார்த்தேன். கடைசிக் காட்சி வரும்போது எழுந்து போய்விடுவது என் வழக்கம். இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டேன். கமல் முகத்தையும் ஸ்ரீதேவி முகத்தையும் விட்டுவிட்டு ரயிலை மட்டும் பார்ப்பது என்று ஒரு வைராக்கியம்.

கேத்தி ஸ்டேஷன், மழை, ஊட்டி மலை ரயில். அந்த வண்டிக்கு வேகம் என்பதே கிடையாது. காலை இழுத்துக்கொண்டு வருகிறவன்கூட ஜன்னலை விடாமல் கூடவே வந்துவிட முடிகிறது. நம் படங்களில் சாதாரணமாக என்ன நடக்கும்? ரயில் வேகம் பிடிக்கும், ஓடுகிறவன் பின்தங்குவான், பிளாட்பாரம் முடியும், அழுகை. இங்கே அப்படி இல்லை. அவன் எட்டிவிட்டான். அவள் முகத்துக்கு நேரே வந்துவிட்டான். நினைவு திரும்பியதில் அவனை மறந்துவிட்டவள், யாரோ பைத்தியம் என்று பார்க்கிறாள், அவ்வளவுதான். பிரித்தது ரயில் இல்லை. ரயில் பாவம், தன்னால் முடிந்தவரை மெதுவாகத்தான் போகிறது!

வண்டி நகர ஆரம்பித்ததிலிருந்து, இனி ஓடினாலும் பிடிக்க முடியாது என்கிற வேகம் வரும்வரை ஒரு இருபது முப்பது நொடி இருக்கிறதே, சினிமா ரயிலைக் காதலிக்கிறது என்றால் அந்த நொடிகளுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றதெல்லாம் அதற்கப்புறம். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

---

சைடுலோயர்

ப்ரோ, இது முழுக்க நாஸ்டால்ஜியா. எங்க அப்பா தலைமுறை ரயிலில் போனது, அதனால் ரயில் படம் எடுத்தது. பஸ் ஸ்டாண்டில் எடுத்திருந்தாலும் இதே அழுகைதான் வந்திருக்கும்.

---

நடுபெர்த்

பஸ் ஸ்டாண்டிலா? கை காட்டினால் டிரைவர் பிரேக் போட்டுவிடுவார். கண்டக்டர் வேற “வாங்க வாங்க, ஏறுங்க”ன்னு கூப்பிடுவார். கதை அங்கேயே முடிஞ்சு போச்சு :)

விமானத்தில் அதற்கு நேரெதிர். செக்யூரிட்டி தாண்டிப் போனதுமே ஆள் கண்ணுக்கு மறைந்துவிடுவார். அப்புறம் ஒரு மணி நேரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். அதை யார் படம் எடுப்பது.

---

பிரேக்வேன்

வணக்கம். நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். 2022-லிருந்து அந்த வேலைக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு நாக்கில் வரவில்லை, கார்டு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி கல்லார்கேட் சொல்வது சரி. அந்த இருபது நொடிக்குப் பின்னால் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. சிக்னல் விழுந்ததும் கார்டு விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டுவார். டிரைவர் பதிலுக்கு ஹாரன் கொடுத்துவிட்டு எடுப்பார். எடுத்தவுடன் வண்டி முழுக்க ஒரே சமயத்தில் நகராது. பெட்டிக்குப் பெட்டி கப்ளிங்கில் கொஞ்சம் தொய்வு இருக்கும். முதல் பெட்டி இழுபட்டு, அது அடுத்ததை இழுத்து, கடைசிப் பெட்டியான என் வேன் வரைக்கும் அந்த இழுப்பு வந்து சேரும். நீராவி இன்ஜினில் இது இன்னும் நிதானம். சக்கரம் சில சமயம் வழுக்கிச் சும்மா சுற்றிவிட்டுத்தான் பிடிமானம் கிடைக்கும். சினிமாக்காரர்களுக்கு ரயில்வே இலவசமாகக் கொடுத்த ஸ்லோமோஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. படங்களில் ஓடுகிறவனைத்தான் காட்டுவார்கள். நான் இருந்ததோ கடைசிப் பெட்டியில். என் கண்ணில் பட்டதெல்லாம் ஓடாதவர்கள். முன்பெட்டியில் ஆளை ஏற்றிவிட்டவர்கள் என் வேன் அவர்களைத் தாண்டும்போது கையை இறக்கியிருப்பார்கள். ஆனால் திரும்பி நடக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். காலி டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு என் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இடத்தில் கேமரா வைத்தவர்கள் குறைவு.

---

டென்ட்கொட்டாய்

கார்டு ஐயா, அருமை. அப்படியே உட்காருங்கள், உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.

சைடுலோயர் தம்பிக்கு: நாஸ்டால்ஜியா என்றால் பழகிப் போன பொருள் மேல்தான் வர வேண்டும். ஆனால் சினிமா பிறந்ததே ரயிலோடுதானே. லூமியேர் சகோதரர்கள் லா சியோட்டா ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்பதை எடுத்த படம் ஏறக்குறைய ஐம்பது நொடி. 1896 ஜூலை 7-ஆம் தேதி பம்பாய் வாட்சன் ஓட்டலில் இந்தியாவின் முதல் சினிமாக் காட்சி நடந்தபோது, காட்டப்பட்ட ஆறு துண்டுப் படங்களில் ரயில் வருகையும் ஒன்று. ரயில் திரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும் என்று பாரிஸ் ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆராய்ந்தவர்கள் அது பிற்பாடு கட்டிய கதை என்கிறார்கள். அலறவில்லை என்றாலும் வாயைப் பிளந்திருப்பார்கள். அந்தக் கேமராவை நேர் எதிரே வைக்காமல் பிளாட்பாரத்தில் சற்று ஓரமாக வைத்திருப்பார்கள். தூரத்தில் புள்ளியாகத் தெரியும் இன்ஜின் குறுக்குவாட்டில் வளர்ந்து வளர்ந்து நம்மைத் தாண்டிப் போகும். கேமரா இருந்த இடத்தை விட்டு அசையாமலே தூரக் காட்சி, நடுக் காட்சி, நெருக்கக் காட்சி மூன்றும் கிடைத்துவிடுகின்றன.

நம் ஊருக்கு வருவோம். தெற்கே ஊர் ஊராக டென்ட் போட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் யார்? திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். பின்னால் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தமிழ்நாட்டு சினிமா ரயில்வே ஆபீசிலிருந்து கிளம்பி வந்தது என்று சொன்னால் தப்பே இல்லை.

---

மிக்ஸிங்மேசை

எல்லாரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காதைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் என் பிழைப்பு (சவுண்ட் எடிட்டிங்).

‘தளபதி’யில் தொடக்கம் கறுப்பு வெள்ளை. போகிப் பண்டிகை, பெற்றவள் குழந்தையைக் கூட்ஸ் வண்டியில் விட்டுவிடுகிறாள். அதோடு ரயிலுக்குக் கதையில் வேலை முடிந்தது. ஆனால் அதன் கூவல் மட்டும் படம் முழுக்க வரும். கோயிலில் அம்மாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் யாரென்று தெரியாமல் நிற்கும்போது தூரத்தில் ரயில் கூவும். இரண்டு பேரும் திரும்புவார்கள். ஸ்ரீவித்யா முகம் ஒரு விதமாகப் போகும். அங்கே ரயிலைக் காட்டியிருந்தால் காட்சி செத்துப் போயிருக்கும். ஒரு சத்தத்தைப் பாத்திரமாக ஆக்கியிருக்கிறார்கள்.

ஒரு தொழில் ரகசியம். ரயில் என்றாலே நாம் போடும் “தடக் தடக்… தடக் தடக்” இருக்கிறதே, அது தண்டவாளம் தண்டவாளத்தோடு சேரும் இடத்தில் சக்கரம் விழுகிற சத்தம். அகல ரயில் பாதையில் ஒரு தண்டவாளத் துண்டு 13 மீட்டர், அதனால் தாளம் தப்பாமல் வரும். இப்போது முக்கியமான பாதைகளில் எல்லாம் நீளமாக வெல்டிங் செய்துவிட்டார்கள். ஏசி பெட்டியில் உட்கார்ந்தால் ஒரே இரைச்சல்தான், தாளமே இல்லை. ஆனால் போன வருடம் நான் வேலை பார்த்த படத்தில் ஏசி பெட்டிக் காட்சிக்கு உண்மையான சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். “என்னங்க, மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு, ரயில் சத்தம் போடுங்க” என்றார்கள். பழைய தடக் தடக்கையே எடுத்துப் போட்டேன். எல்லாருக்கும் திருப்தி.

---

சைடுலோயர்

பாத்தீங்களா, நான் சொன்னதை நீங்களே நிரூபிச்சிட்டீங்க. இல்லாத சத்தத்தைப் போட்டு ஏமாத்துறது நாஸ்டால்ஜியா இல்லாம வேற என்ன?

---

மிக்ஸிங்மேசை

ஹாஹா. அந்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்.

---

கோச்சிப்பெட்டி

நான் யாழ்ப்பாணம். எங்கட ஊரில ரயிலைக் கோச்சி எண்டுதான் சொல்லுறது. இந்த இழையை இரண்டு நாளாய் வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

கொழும்பிலயிருந்து வாற யாழ்தேவிக் கோச்சி 1990-இல நிண்டது. திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில. நான் 86-ஆம் ஆண்டு பிறந்தனான். எங்கட வீட்டுக்குப் பின்னால கோச்சிப் பாதை இருந்தது. பாதை எண்டால் வெறும் மேடு. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போயிட்டுது. அந்த மேட்டில நாங்கள் சைக்கிள் ஓடினோம், ஆடு மேய்ச்சோம். அம்மம்மா மத்தியானத்தில “இப்ப கோச்சி வாற நேரம்” எண்டு சொல்லுவா. வராத கோச்சிக்கு நேரம் பாத்து உலை வைப்பா.

என்ர வயதுக்காரர் ரயிலை முதன்முதல் பாத்தது படத்திலதான். மண்ணெண்ணெயில ஓடுற ஜெனரேற்றர், வாடகை டெக், முற்றம் நிறையச் சனம். ரயில் வாற காட்சி வந்தால் கதை ஆருக்கு வேணும், சின்னப் பிள்ளையள் நாங்கள் பெட்டியை எண்ணுவோம். ஒருநாள் எண்ணி முடியமுன்னம் காட்சியை வெட்டிப்போட்டான் எண்டு தம்பி அழுதவன்.

சைடுலோயர் தம்பி, பழகின பொருளில வாறதுதான் நாஸ்டால்ஜியா எண்டால் எங்களுக்கு வந்ததுக்கு என்ன பேர்?

---

கல்லார்கேட்

கோச்சிப்பெட்டி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு ‘பதேர் பாஞ்சாலி’தான் ஞாபகம் வந்தது. துர்காவும் அப்புவும் நாணல் பூக்காட்டுக்கு நடுவே போகிறார்கள். தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறாள் அக்கா. உள்ளே ஒரு முனகல். அப்புறம்தான் வெள்ளைப் பூவுக்கு மேலே கறுப்புப் புகை. 1952 அக்டோபரில் அந்த இடத்தில் ஒரு நாள் படப்பிடிப்பு நடத்திவிட்டு, மீதியை எடுக்க அடுத்த வாரம் போனால் பூ முழுவதையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்க ஒரு வருடம் காத்திருந்தார் சத்யஜித் ராய்.

அப்புவின் கதையாக ராய் எடுத்த மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். முதல் படத்தில் ரயில் ஓர் அதிசயம். இரண்டாவதில் அம்மாவை விட்டுப் பிள்ளையைக் கொண்டுபோகிற சாமான். மூன்றாவதில் அப்பு கல்கத்தாவில் ரயில் யார்டை ஒட்டிய ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறான். இன்ஜின் கூவினால் புதுப் பெண்டாட்டி காதைப் பொத்திக்கொள்கிறாள். எதைப் பார்க்கச் சின்ன வயதில் அப்படி ஓடினானோ அது இப்போது வீட்டுக்குள் வருகிற இரைச்சல்.

---

நடுபெர்த்

சோகத்தை எல்லாம் ஓரமா வைங்கப்பா. பெட்டிக்குள்ளே நடக்கறதைப் பேசவே இல்லையே யாரும். ‘தில்லானா மோகனாம்பாள்’ ரயில் காட்சி! சிவாஜியும் பத்மினியும் ஒரு வார்த்தை பேசாம கண்ணாலேயே பேசிக்கறாங்க. நடுவுல தவில்காரர் பாலையா உட்கார்ந்து படற அவஸ்தை இருக்கே. அதை வீட்டுக் கூடத்துல எடுத்தா யாராவது எழுந்து அடுப்படிக்குப் போயிடலாம். ரயில்ல எங்க போறது? டிக்கெட் போட்டு உட்கார்ந்தாச்சு, ஊர் வர்ற வரைக்கும் எதிர்ல இருக்கறவன் முகத்தைப் பார்த்துத்தான் ஆகணும்.

என் ஓட்டு இதுக்குத்தான். சொந்தக்காரனும் இல்லாம, முழு அந்நியனும் இல்லாம எட்டு பேர் ஒண்ணா ராத்திரியைக் கழிக்கிற இடம் வேற எது இருக்கு? ‘காதல் கோட்டை’யில தொலைஞ்ச சர்டிபிகேட்ல ஆரம்பிச்சு ஸ்வெட்டர்ல முடியற கதைக்கும் ரயில்தான் ஆரம்பம், ரயில்தான் முடிவு.

---

டென்ட்கொட்டாய்

இதில் ராயின் ‘நாயக்’ (1966) உச்சம். ஒரு நடிகர் விருது வாங்க டெல்லி போகிறார், படத்தில் பெரும்பகுதி ரயிலுக்குள்ளேயே. அந்தப் பெட்டிகள் ஸ்டுடியோ செட் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவின் கைவேலை.

இதற்கு நேரெதிரான கிறுக்கு அகிரா குரோசாவா. ‘ஹை அண்ட் லோ’வில் (1963) பணப்பையை ஓடும் எக்ஸ்பிரஸிலிருந்து வெளியே போட வேண்டும். கழிவறை ஜன்னல் ஏழு சென்டிமீட்டர்தான் திறக்கும் என்பது கதையிலேயே ஒரு முடிச்சு. அதை உண்மையான ஓடுகிற ரயிலில், பல கேமராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு எடுத்தார். சொதப்பினால் ரயில் பின்னால் வராதே.

அமெரிக்காவில் பஸ்டர் கீட்டன் 1926-லேயே ‘தி ஜெனரல்’ படத்துக்காக நிஜ இன்ஜினை எரியும் பாலத்தோடு ஆற்றில் கவிழ்த்தார். ஒரே டேக். அந்த இரும்பு பல வருடம் ஆற்றிலேயே கிடந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் பழைய இரும்புக்கு எடுத்தார்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு ரயில் ஒரு விளையாட்டுச் சாமான், காதல் கீதல் எல்லாம் அப்புறம்.

---

பிரேக்வேன்

‘கிழக்கே போகும் ரயில்’ பற்றி யாரும் பேசவில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 1978. ராதிகா அறிமுகம். கடைசிப் பெட்டியின் பின்பக்கம் காதலன் சேதி எழுதி அனுப்புவான், கிராமத்தில் அந்தப் பெண் தண்டவாளத்தோரம் நின்று படிப்பாள். எல்லாரும் உருகினார்கள். என்னுடைய கவலை வேறு. அந்த இடம் எங்கள் இடம்! வண்டி முழுசாக வந்து சேர்ந்தது, நடுவில் பெட்டி கழன்றுவிடவில்லை என்று வழியில் இருக்கிற ஸ்டேஷன்காரர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகக் கடைசிப் பெட்டியில்தான் அடையாளப் பலகையும் விளக்கும் வைப்போம். அங்கே போய்க் காதல் கடிதம் எழுதினால் எப்படி? என் மனைவியிடம் தியேட்டரிலேயே சொன்னேன். “சும்மா படம் பாருங்க” என்று தொடையில் ஒரு இடி.

ஆனால் யோசித்துப் பார்த்தால் பாரதிராஜா சரியான இடத்தைத்தான் பிடித்தார். ரயில் போன பிறகு கண்ணில் மிச்சம் இருப்பது அதன் முதுகு மட்டும்தான்.

‘மௌன ராகம்’ கடைசியில் மோகன் ஓடி வந்து ஏறிச் சங்கிலியை இழுப்பார். அழகான காட்சி. ரயில்வேக்காரனுக்கு அதற்கப்புறம் நடப்பதுதான் மனசில் ஓடும். எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்று இறங்கி நடந்து தேட வேண்டும். அந்தப் பெட்டியின் ஓரத்தில் குறியீடு திரும்பியிருக்கும், அதைச் சரிசெய்து, ஏன் இழுத்தாய் என்று விசாரித்து, தாமதத்தை எழுதி… தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் இன்றைய சட்டப்படி ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். மனைவியைத் திரும்பக் கூட்டிப்போவது தகுந்த காரணமா என்றால், என்னிடம் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

---

நடுபெர்த்

ஐயா, “தொடையில் ஒரு இடி” வரியைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும்.

---

சைடுலோயர்

சரி, நான் கொஞ்சம் சீரியஸாவே சொல்றேன். கல்லார்கேட் அண்ணன் சொன்ன இருபது நொடியை ஏத்துக்கறேன். ஆனா அது முடிஞ்சு போச்சு. வந்தே பாரத்ல கதவு தானா மூடிக்கும். மூடினதுக்கப்புறம் கைப்பிடியைப் பிடிச்சு ஓடி ஏற முடியாது, கை கொடுத்து இழுக்க முடியாது. ஜன்னல் சீல் பண்ண கண்ணாடி. பிளாட்பாரத்துல இருந்து பார்த்தா உள்ள இருக்கறவங்க முகம் பாதி, நம்ம முகம் பாதி. மீறிப் போனா போன் அடிச்சா போச்சு. “கிளம்பிட்டியா? சரி சரி, லைவ் லொகேஷன் அனுப்பு.” அழறதுக்கு என்ன இருக்கு?

ஆனா ரயில் படம் செத்துடுச்சான்னா இல்ல. கொரியாவோட ‘டிரெயின் டு பூசான்’ (2016) பாருங்க. முழுக்க மூடின அதிவேக ரயில். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல கண்ணாடிக் கதவு. ஜாம்பிக்குக் கதவு திறக்கத் தெரியாது, கண்ணுல ஆளைப் பார்த்தாதான் பாயும். அதனால நியூஸ்பேப்பரை நனைச்சுக் கண்ணாடில ஒட்டறாங்க. மூடின பெட்டிதான் அங்க கதையே. அதனால இந்த ஜன்னல் கம்பி, புகை, பிளாட்பார ஓட்டம் எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம ஆளுங்க புதுசா யோசிக்கணும். புது ரயில்ல பழைய காட்சியைத் திணிக்கறதுதான் எனக்குக் கடுப்பு.

---

கல்லார்கேட்

இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே தம்பி, இத்தனை சண்டை போட்டிருக்க வேண்டாம் :)

கண்ணாடியில் பாதி முகம் என்றாய் பார், அதை எடுக்கலாமே. உள்ளே இருப்பவள் முகத்தின் மேல் வெளியே நிற்பவனின் நிழல். வண்டி நகர்ந்தால் அவள் போவாள், கண்ணாடியில் அவன் உருவம் பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும். எத்தனை ஜன்னல் தாண்டினாலும் அவன் முகம்தான்.

யாராவது எடுத்தால் இந்த இழைக்கு நன்றி போடச் சொல்லுங்கள்.

---

மிக்ஸிங்மேசை

அதுக்கு நான் தடக் தடக் போட மாட்டேன். சத்தியமா.

---

கோச்சிப்பெட்டி

பிரேக்வேன் ஐயா, ஒரு கேள்வி. படத்தில வாற மாதிரி உண்மையா ஆரும் ஓடிவந்ததை நீங்கள் கண்டிருக்கிறியளோ?

---

பிரேக்வேன்

நிறைய. முக்கால்வாசிப் பேர் காதலுக்காக ஓடவில்லை, தண்ணீர் பிடிக்க இறங்கிவிட்டு ஓடியவர்கள்.

ஒருவரை மறக்கவில்லை. மீட்டர்கேஜ் காலம், விழுப்புரம், ராத்திரி வண்டி. நான் கொடி காட்டி முடித்து வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு ஆள் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார், இன்னொரு கையில் பிளாஸ்க். பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிவிட வந்தவர், பால் வாங்கப் போய் நேரமாகிவிட்டது. முன்னால் பெட்டியைப் பிடிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அப்படியே நின்றார். என் வேன் பக்கத்தில் வரும்போது பிளாஸ்க்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். “கைக்குழந்தைங்க” என்று மட்டும் சொன்னார். எந்தப் பெட்டி, என்ன பெயர், ஒன்றும் சொல்ல நேரமில்லை.

விருத்தாசலத்தில் நின்றதும் இறங்கி முன்னால் நடந்தேன். எப்படித் தேடுவது என்றுதான் முதலில் குழப்பம். மூன்றாவது நான்காவது பெட்டி தாண்டும்போதே காதில் விழுந்துவிட்டது, அப்படி ஒரு வீறல். ஜன்னல் வழியாக நீட்டினேன். அந்தப் பெண் பிளாஸ்க்கைப் பார்த்தது, என் யூனிபாரத்தைப் பார்த்தது. “அவர் ஏறிட்டாரா?” என்றது.

---

நடுபெர்த்

நீங்க என்ன சொன்னீங்க?

---

பிரேக்வேன்

இல்லம்மா, பால் மட்டும்தான் ஏறுச்சு என்றேன். அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டது. எனக்கு அதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது, என் வேனுக்கு நான் ஓட வேண்டியதாகிவிட்டது.